எடைக்குப் போகாத வெள்ளி

யாராவது தங்க விலையைப் பற்றிப் பேச்செடுத்தால் எனக்குக் கொட்டாவி வந்துவிடும். அதே ஆள் பழைய சிங்கள வெள்ளி, அதிலும் பவளம் கோத்தது என்று ஒரு வார்த்தை சொல்லட்டும், அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் இருந்த இடத்தை விட்டு எழமாட்டேன். பைத்தியம்தான். வீட்டில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள், நானும் மறுக்கவில்லை. கண்டியில் பிறந்து வளர்ந்த ஒருத்திக்கு இந்தப் பைத்தியம் பிடிக்காமல் எப்படி இருக்கும் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

முதலில் அந்த நிறத்தைச் சொல்லிவிடுகிறேன். கடையில் இன்றைக்கு வாங்கி வரும் வெள்ளிக்கு ஒரே நிறம், பளீர் வெள்ளை. மூன்று தலைமுறை புழங்கிய வெள்ளி அப்படி இருக்காது. மேடான இடமெல்லாம் சேலையிலும் தோலிலும் உரசி உரசித் தேய்ந்து மிருதுவாக மின்னும். பள்ளமெல்லாம் கறுத்துக் கிடக்கும். செதுக்கிய கொடியும் பூவும் அந்தக் கறுப்பை வைத்துத்தான் எழுந்து நிற்கும். இதற்கு நடுவில் ஒரு பவளமணியை வையுங்கள். அடடா! நம் தமிழ் வீடுகளில் பவளத்தைத் தங்கத்தில் கட்டித்தான் பழக்கம். பாட்டிமார் மாலையில் பவளத்துக்கு இடையிடையே பொன்குண்டு இருக்கும். அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மஞ்சளுக்குப் பக்கத்தில் சிவப்பு கொஞ்சம் அடங்கிப்போகிறது. கறுத்த வெள்ளிக்குப் பக்கத்தில் அதே சிவப்பு கங்கு மாதிரி எரிகிறது.

என்னென்ன நகை என்று கேட்பீர்கள். ஒசரிய என்ற கண்டிச் சேலை உடுத்திய சிங்களப் பெண் இடுப்பில் கட்டும் ஹவடிய, மார்பில் தொங்கும் பதக்கம, காதுக்குக் கரபு, கரையோரத்துப் பெண்கள் கொண்டையில் குத்திய நீண்ட கொண்டகூர, கைக்குச் செரி வளையல், ஒரு விரலையே மூடிவிடும் அகலமான மோதிரம். இவற்றோடு வெற்றிலைச் சாமான்களையும் நான் நகைக்கணக்கில்தான் சேர்ப்பேன். கிலோட்டய என்ற வட்டச் சுண்ணாம்புச் செப்பும் அதைத் தொங்கவிடும் வெள்ளிச் சங்கிலியும் எந்தப் பதக்கத்துக்கும் குறைந்தவை அல்ல. நெற்றியில் கட்டும் நளல்பட்டியும் தலையின் இருபுறமும் வைக்கும் சூரிய சந்திரரும் இன்றைக்கும் கண்டி மணப்பெண்களிடம் பார்க்கலாம். பெரும்பாலும் வாடகைக்கு எடுத்த முலாம் செட். பெட்டியோடு வந்து பெட்டியோடு திரும்பிப் போகும். அவற்றில் எனக்கு ஆசையே இல்லை. என் கண்ணெல்லாம் கிராமத்து வீட்டுப் பெண் போட்டுத் தேய்த்த வெள்ளிமேல்தான்.

கண்டி இராச்சியத்தில் தங்கம் போடக் காசு மட்டும் போதாது, அந்தஸ்தும் வேண்டியிருந்தது. ஊர்ப் பெண்களின் உலகம் வெள்ளி. இது ஏழைகளின் நகைதானே என்று உதட்டைப் பிதுக்குவோருக்கு நான் ராபர்ட் நாக்ஸைக் காட்டுவேன். 1660இல் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டு, 1679இல் தப்பிப்போன ஆங்கில மாலுமி அவர். 1681இல் வெளிவந்த தன் புத்தகத்தில் சிங்களப் பெண்களின் அலங்காரத்தை ஒவ்வொன்றாகச் சொல்கிறார். கையில் வெள்ளிக் காப்பு, கைவிரலிலும் கால்விரலிலும் வெள்ளி மோதிரம், கழுத்தில் மணிமாலை அல்லது வேலைப்பாடு செய்த வெள்ளி மாலை, காதில் கல் பதித்த வெள்ளித் தொங்கல், இடுப்பில் வெள்ளிக் கம்பியும் தகடுமாகச் செய்த பட்டிகை. அந்தப் பக்கத்தை வாசித்தபோது யாரோ என் அலமாரித் தட்டைத் திறந்து பார்த்துக் கணக்கெழுதினாற்போல் இருந்தது.

இத்தனைக்கும் இலங்கையில் வெள்ளிச் சுரங்கம் கிடையாது. வெள்ளி கடல்வழியே காசாக வந்தது. வந்த காசு ஆச்சாரியின் மூசைக்குள் போய் உருகி நகையாக வெளியே வந்தது. நாக்ஸ் காலத்தில் இங்கே புழங்கிய ஒரு காசைப் பார்த்தால் சிரிப்பு வரும். லாரின் என்று பெயர், வெள்ளிக் கம்பியைத் தூண்டில்முள் போல வளைத்து ஒரு முத்திரை குத்தினால் காசு! அரசனின் அனுமதியோடு யாரும் செய்துகொள்ளலாம். ஆனால் கலப்படம் செய்ய முடியாது. நெருப்பில் செக்கச்செவேலெனக் காய்ச்சித் தண்ணீரில் போடுவார்கள். வெளுப்பாக வெளியே வந்தால்தான் அது செல்லும் காசு. பிற்காலத்தில் பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபா வந்தது. ஒன்று 11.66 கிராம், பன்னிரண்டு பங்கில் பதினொரு பங்கு சுத்த வெள்ளி. நகைக்கு ஆர்டர் கொடுப்பவர் ரூபாக்களைக் கொடுத்துவிட்டுப் போவார், ஆச்சாரி அதை உருக்குவார். நான் வைத்திருக்கும் சில காப்புகளைத் தராசில் போட்டால் முழு ரூபாக்கணக்குக்குக் கிட்டத்தட்டச் சரியாக வந்து நிற்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் காசை முடிச்சவிழ்த்து எண்ணிக் கொடுத்தது யாரென்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

பவளத்தின் கதை இதைவிட நீளம். ஹிக்கடுவைக் கடலடியில் பவளப்பாறை இருக்கிறதே, அதில் எடுத்ததா என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. அந்தப் பாறை நகைக்கு ஆகாது. அக்குரலப் பக்கத்தில் அதைத் தோண்டிச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள், கரை அரிக்கிறது என்று பிறகு தடை வந்தது. மாலையில் கோக்கும் சிவப்புப் பவளம் மத்தியதரைக்கடலில் வளர்வது. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க மாலுமி எழுதிய பெரிப்ளூஸில் முசிறியில் வந்து இறங்கும் சரக்குகளின் பட்டியலில் பவளம் இருக்கிறது. ரோமர்களுக்கு முத்து எப்படியோ அப்படி இந்தியர்களுக்குப் பவளம் என்று பிளினி எழுதிவைத்தார். பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் இத்தாலியின் லிவோர்னோவிலிருந்த யூத வணிகர்கள் பவளத்தைக் கப்பலேற்றிக் கோவாவுக்கு அனுப்பி, பதிலுக்கு வைரத்தைத் தருவித்துக்கொண்டார்கள். இந்தியக் கரைகளுக்கு வந்து இறங்கிய பவளம்தான் கை மாறி, கடல் தாண்டி, மலை ஏறி ஒரு கண்டிக் கிராமத்துக்கு வந்திருக்கிறது. யோசித்துப் பாருங்கள்! வெள்ளியும் வந்தது, பவளமும் வந்தது. இரண்டையும் சேர்த்து இந்த ஊர் நகையாக்கிய கை மட்டும் இங்கேயே இருந்தது.

அந்தக் கையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். ஒரு சிங்கள வெள்ளி மாலையைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கையில் எடுக்கும்போது முதல் அதிர்ச்சி அதன் எடை. பார்வைக்குக் கால் கிலோ தேறும் போலிருக்கும், கையில் ஒன்றுமே இருக்காது. மணிகளெல்லாம் உள்ளே கூடு. மெல்லிய தகட்டைக் குழிவான அச்சில் வைத்துத் தட்டி அரைக்கோளமாக்கி, இரண்டு அரைகளைச் சேர்த்துப் பற்றவைக்கும் பொடி வைத்து, ஊதுகுழலால் தீயை ஊதிப் பொருத்தியிருப்பார்கள். நசுங்காமல் இருக்கச் சிலவற்றுக்குள் அரக்கு நிரப்பியிருக்கும். மணியின் மேலே கடுகைவிடச் சிறிய வெள்ளிக் குருணைகள் வரிசை பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கும். கம்பியைப் பொடிப்பொடியாக வெட்டிக் கரித்தூளில் போட்டுச் சூடேற்றினால், உருகும் ஒவ்வொரு துண்டும் தானே சுருண்டு உருண்டையாகும். அந்த உருண்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, மறுபடி பொடி, மறுபடி ஊதல். சூடு ஒரு கணம் கூடினால் குருணை எல்லாம் உருகிப் பரந்து, செய்த வேலை அத்தனையும் வழவழவென்று ஆகிவிடும். உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாக அந்த வரிசையைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் எனக்கு மூச்சு நின்றுவிடுகிறது. ஒரு குருணை கொஞ்சம் சாய்ந்திருக்கும். இன்னொன்று பக்கத்து ஆளைவிடக் குண்டாக இருக்கும். யந்திரத்தில் அச்சடித்ததில் இந்தக் குறும்பு வராது.

வேலைப்பாட்டில் என்னென்ன வரும் என்று ஒரு ஊர்ச்சுற்றலிலேயே பார்த்துவிடலாம். லியவெல என்ற கொடிச்சுருள், தாமரை இதழ் வரிசை, அரசிலை. கண்டிக்குப் பக்கத்து எம்பெக்கே தேவாலயத்து மரத்தூண்களில் கழுத்தைக் கழுத்தோடு பின்னிக்கொண்டு நிற்கும் இரண்டு அன்னங்களைப் பார்த்திருப்பீர்கள். ஹம்ச பூட்டுவ என்பார்கள். என்னிடமுள்ள ஒரு பதக்கத்தில் அதே அன்னங்கள் கட்டைவிரல் நகமளவுக்குள் பின்னிக்கொண்டு நிற்கின்றன. கண் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பொட்டு பவளம். முதல் தடவை எம்பெக்கேவுக்கு அதை அணிந்துகொண்டு போய், அந்தத் தூணுக்கு முன்னால் நின்று மாற்றி மாற்றிப் பார்த்தேன். கூட வந்த என் தம்பி, “அக்கா, ஆட்கள் பார்க்கிறாங்க” என்று கையைப் பிடித்து இழுக்க வேண்டியதாயிற்று.

இப்படிப்பட்ட வேலைக்காரர்களில் தேர்ந்தவர்கள் அரசனுக்காக வேலை செய்தார்கள். பட்டல் ஹதர, அதாவது நான்கு அரச பட்டறைகள். செய்யும் சேவைக்காக நிலம் கிடைக்கும், பரம்பரையாக உழுது சாப்பிடலாம். 1815இல் கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1832இல் ராஜகாரிய என்ற கட்டாயச் சேவைமுறையை ஒழித்தார்கள். சாதாரண ஜனங்களுக்கு அது விடுதலை, சந்தேகமில்லை. ஆனால் அரசன் இல்லாமல் போனதிலேயே பட்டறைக்கு அரண்மனை ஆர்டர் நின்றுபோயிருந்தது. விகாரைகளும் ஊர்க் குடும்பங்களும்தான் அதற்குப் பிறகு இந்தக் கைகளுக்குச் சோறு போட்டன. கண்டியை அடுத்த நீலவலவில் இன்றைக்கும் வெள்ளியும் பித்தளையும் தட்டும் சத்தம் கேட்கும். அங்கே போகாமல் இந்தப் பொருளைச் சேகரிக்கிறேன் என்று சொல்கிறவரை நான் நம்பமாட்டேன். செய்கிறவர் பக்கத்தில் ஒரு மத்தியானம் சம்மணம் போட்டு உட்கார்ந்து பார்த்தால், எந்த வளைவு கஷ்டம், எங்கே திறமை, எங்கே சோம்பல் என்பது தானாகப் பிடிபடும். பிறகு கடைக்காரர் எதைச் சொல்லியும் உங்களை ஏமாற்ற முடியாது.

என்னை விட்டால் பஞ்சாயுதத்தைப் பற்றி ராத்திரி முழுக்கப் பேசுவேன். சங்கு, சக்கரம், கதை, வாள், வில் என்று விஷ்ணுவின் ஐந்து ஆயுதங்களையும் ஒரு சின்னத் தகட்டில் பொறித்துப் பச்சைக்குழந்தையின் கழுத்தில் கட்டுவார்கள். சிங்கள பௌத்தர்களுக்கு விஷ்ணு காவல் தெய்வம், ஆகையால் பௌத்தக் குழந்தைக்கும் இந்தக் காவல்தான். இன்றைக்கும் நகைக்கடைகளில் தங்கத்தில் கிடைக்கிறது. எனக்குக் கிடைத்தது பழையது, வெள்ளி, இருபுறமும் இரண்டிரண்டு பவளமணி. அதைப் பார்த்ததும் எனக்கு என்ன தோன்றியிருக்கும் என்று தமிழ் வாசகர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. சங்க காலத்திலிருந்து நம் பிள்ளைகள் கழுத்தில் கிடந்த ஐம்படைத்தாலியேதான்! நம் வீடுகளில் அது ஏறக்குறைய மறைந்துபோய்ப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. பக்கத்து வீட்டுச் சிங்களக் குழந்தையின் கழுத்தில் அது இன்னமும் எச்சில் பட்டுக்கொண்டு தொங்குகிறது. என்னிடமுள்ள தகட்டின் ஓரத்தில் சின்னச் சின்னப் பல்தடங்கள் இருக்கின்றன. மெருகு போட்டு அவற்றை அழித்துத் தருகிறேன் என்ற நகை ஆச்சாரியிடமிருந்து பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சுரய என்ற தாயத்துக் குழலும் இதே குடும்பம். விரல் நீள வெள்ளிக் குழல், இரண்டு முனையிலும் மூடி, உள்ளே யந்திரம் எழுதிச் சுருட்டிய தகடு. மூடியின் உச்சியில் பவளம் வைத்தது எப்போதாவது கண்ணில் படும். திறந்து பார்த்தாயா என்று எல்லாரும் கேட்கிறார்கள். திறக்கவில்லை, திறக்கவும் மாட்டேன். யாருக்காகவோ ஓதி அடைத்தது, அதில் எனக்கு என்ன வேலை?

இந்தக் கலையைப் பற்றி வாசிக்க வேண்டுமென்றால் எல்லா வழியும் ஆனந்த குமாரசுவாமியிடம் கொண்டுபோய் விடும். சேர் முத்து குமாரசுவாமி என்ற கொழும்புத் தமிழருக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் 1877இல் பிறந்தவர். கொழும்பு அருங்காட்சியகம் திறந்ததும் அதே வருஷம்தான், இரண்டையும் சேர்த்துச் சொல்வதில் எனக்கொரு அல்ப சந்தோஷம். அவர் படித்தது நிலவியல். 1903இலிருந்து 1906 வரை இலங்கையின் கனிமவள ஆய்வுக்குத் தலைமை தாங்கினார். கல்லைத் தேடி ஊர் ஊராகப் போனவர் கண்ணில் கல்லைவிட ஆச்சாரிகளின் பட்டறைதான் அதிகம் பட்டிருக்க வேண்டும். மனைவி எத்தெல் கூடவே போய்ப் புகைப்படம் எடுத்தார். 1908இல் ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்ற அந்தப் பெரிய நூல் இங்கிலாந்தில் வெளிவந்தது. வில்லியம் மோரிஸ் பயன்படுத்திய அதே கையச்சு யந்திரத்தில் அடித்தது, 425 பிரதிகள் மட்டும். பெயர்தான் இடைக்காலம், உள்ளே அவர் கண்ணால் கண்ட கண்டிக் கைவேலைதான் பெரும்பகுதி. நகையை வெறும் படமாகப் போட்டுவிட்டுப் போகாமல் கருவி, அச்சு, செய்முறை, யார் செய்தார்கள், என்ன நிலம் கிடைத்தது என்று அத்தனையும் எழுதிவைத்த மனிதர். நூலகத்தில் அதன் மறுபதிப்பை நான் விரித்து உட்கார்ந்தால் மூடும் நேரம் என்று காவலாளி வந்து மேசையைத் தட்டவேண்டும். ஒரு தமிழர் இதைச் செய்தார் என்பதில் எனக்குப் பெருமை இருக்கிறது, மறைப்பானேன்.

சரி, எங்கே கிடைக்கும்? கண்டியில் பேராதனை வீதிப் பக்கம், அம்பலாங்கொடையில், காலிக் கோட்டைக்குள் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன. அருமையான சரக்கு அங்கே உண்டு, அதற்கேற்ற விலையும் உண்டு. என் வேட்டை வேறு இடத்தில். சின்ன ஊர்களின் அடகுக்கடை, பழைய வெள்ளி வாங்கும் கடை. வெள்ளி விலை ஏறும்போதெல்லாம் ஜனங்கள் பெட்டியடியில் கிடப்பதைக் கொண்டுவந்து நிறுத்துக் காசாக்கிப் போகிறார்கள். நிறுத்ததெல்லாம் ஒரு தகர டப்பாவில் சேரும். டப்பா நிறைந்ததும் உருக்கப் போகும். உருகிய வெள்ளி விளக்காகவோ கொலுசாகவோ திரும்பி வரும், நூறு வருஷத்துக் குருணை வேலை அத்தோடு போயிற்று. அந்த டப்பாவை நான் கேட்டு வாங்கி, தரையில் பழைய பேப்பரை விரித்துக் கொட்டுவேன். முறிந்த கொலுசு, ஒற்றைத் தோடு, பிள்ளையார் தலை, கரண்டிக்காம்பு எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு ஹவடியக் கொக்கி எட்டிப் பார்க்கும். அந்த நிமிஷத்தில் முகத்தை எப்படிச் சாதாரணமாக வைத்துக்கொள்வது என்பதுதான் இந்தப் பொழுதுபோக்கிலேயே பெரிய வித்தை.

எனக்கு வழக்கமாகச் சரக்கு எடுத்துவைக்கும் ஒரு முதலாளி இருக்கிறார். தங்கமான மனுஷன். ஆரம்பத்தில் பவளம் கோத்த சாமான் வந்தால், “பவளத்தைக் கழற்றிவிட்டு வெள்ளியை மட்டும் நிறுக்கட்டுமா மிஸ்? உங்களுக்கு நட்டம் வரக்கூடாது” என்று சிங்களத்தில் கேட்பார். குறட்டையும் கையில் எடுத்துவிடுவார். “ஐயோ வேண்டாம் முதலாளி, பவளத்தோடேயே நிறுங்க” என்று நான் பதறுவேன். நல்ல மத்தியதரைக்கடல் பவளம் எடைக்கு எடை வெள்ளியைவிடப் பலமடங்கு விலை போகும் என்பது அப்போது அவருக்குத் தெரியாது. நானே சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு பவளத்துக்குத் தனி விலை சொல்கிறார். ஆனாலும் எதையும் எனக்குக் காட்டாமல் உருக்க அனுப்புவதில்லை. இந்த வியாபாரத்தில் அதைவிட எனக்கு வேறென்ன வேண்டும்? அவர் மனைவி கடைக்கு வந்திருந்தால் “வாங்க துவே” என்று மகளே போட்டுக் கூப்பிட்டு, பிளேன்டீயும் கருப்பட்டியும் கொடுத்துவிட்டு, இந்தக் கரபு தன் ஆச்சி போட்டது மாதிரியே இருக்கிறது, அதில் தொங்கும் சங்கிலியைக் காதுக்கு மேலே தலைமுடியில் கொக்கி போட்டு மாட்டுவார்கள் என்றெல்லாம் சொல்லுவார். எந்த அருங்காட்சியக அட்டையிலும் இதைப் படிக்க முடியாது.

அம்மாதான் மசியவில்லை. “இந்த உடைஞ்ச வெள்ளிக்குக் குடுத்த காசுல ஒரு பவுன் எடுத்திருக்கலாமே புள்ள” என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். சொல்லிக்கொண்டே பவளமணிகளைத் தட்டில் போட்டு நிறம் பிரித்துத் தருவார். பட்டுநூலில் முடிச்சுப் போட்டுக் கோப்பதில் அவர் கைக்கு ஈடில்லை.

போலி நிறைய வருகிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். சுற்றுலாப் பயணிகள் நடமாடும் கடைகளில் பளபளக்கும் “கண்டி வெள்ளி” பல சமயம் முலாம் பூசிய பித்தளை, அல்லது வெள்ளியே இல்லாத ஜெர்மன் சில்வர். வளையங்கள் ஒன்றோடொன்று உரசும் இடத்தைப் பாருங்கள். பழசென்றால் அங்கே தேய்ந்து மெலிந்திருக்கும். முலாம் என்றால் மஞ்சள் தெரியும். பழமையைக் காட்டக் கறுப்பு மருந்து தடவியிருந்தால் மேடு பள்ளம் எல்லாம் ஒரே கறுப்பாக இருக்கும். பவளத்தில் கண்ணாடி, பிளாஸ்டிக், சாயமேற்றிய மூங்கில் பவளம் என்று மூன்று திருடர்கள். உண்மையான பவளம் தொட்டதும் குளிரும். பத்து மடங்கு உருப்பெருக்கியில் மணியின் நீளவாட்டில் மெல்லிய இணைகோடுகள் தெரியும். பூச்சி துளைத்த நுண்துளை இருந்தால் நான் குறையாக எண்ணுவதில்லை, சந்தோஷப்படுவேன். நகப்பூச்சை அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் நனைத்து ஓரத்தில் தொட்டுப் பாருங்கள், சாயமேற்றியதென்றால் நிறம் பஞ்சில் ஏறிவிடும். எலுமிச்சைச் சாறு விட்டுப் பார்க்கச் சொல்கிறவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். நல்ல பவளம் நுரைக்கும், நுரைத்து முடிந்ததும் நல்ல பவளமாக இருக்காது.

அதே காரணத்துக்காகத்தான் புளி கூடவே கூடாது. வெள்ளி என்றதும் புளியும் சாம்பலுமாகத் தேய்க்கக் கிளம்புவது நம் வீட்டுப் பழக்கம். பவளம் என்பது சுண்ணாம்புச் சத்து, புளிப்பு பட்டால் மேற்பரப்பு அரித்து மங்கிப்போகும். நான் பூந்திக்கொட்டை ஊறவைத்த தண்ணீரில் மென்மையான துணியை நனைத்துத் துடைத்து, உடனே ஈரம் போகத் துவட்டிவிடுவேன். வெள்ளித் தகட்டை மட்டும் தேவையென்றால் கொஞ்சம் திருநீறு தொட்டுத் தேய்ப்பேன், பள்ளத்துக் கறுப்பைத் தொடமாட்டேன். அந்தக் கறுப்பைக் கரைக்கும் மருந்து கடையில் விற்கிறது. நகையை முக்கினால் ஒரு நிமிஷத்தில் புதுசாகிவிடும், அத்தனை அழகும் சாக்கடையில் போய்விடும். வாசனைத் தைலம் போட்டுக்கொள்கிறவர்கள் முதலில் அதைப் போட்டு உலரவிட்டுப் பிறகு நகையைப் போடவேண்டும். மற்றபடி போடுங்கள், தினமும் போடுங்கள்! பெட்டியில் பூட்டிவைத்த வெள்ளி முழுக்கக் கறுக்கும், போட்டுப் புழங்கும் வெள்ளிதான் மின்னும். நான் அலுவலகத்துக்குப் பருத்திச் சேலையும் செரி வளையலுமாகத்தான் போகிறேன். கணக்குப் பார்க்கும்போது மேசையில் தட்டிச் சத்தம் வருகிறது, மேலாளர் பழகிக்கொண்டார்.

தமிழ்நாட்டிலிருந்து வரும் சிநேகிதிகள் ஆசைப்பட்டு வாங்கிவிட்டுக் கட்டுநாயக்க விமான நிலையத்தில் மாட்டிக்கொள்ளக் கூடாது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி 1815 மார்ச் 2க்கு முந்தைய பொருள் தொல்பொருள். தொல்லியல் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் நாட்டை விட்டுக் கொண்டுபோக முடியாது. அதற்குப் பிந்தைய பழைய நகைகளுக்கும் முதலில் திணைக்களத்தில் கேட்டுக்கொள்வதே நல்லது. எனக்கு இந்தச் சட்டத்தின்மேல் கோபமில்லை. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் சிங்கள நகைகளைப் படத்தில் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவள் நான். இருப்பதாவது இங்கேயே இருக்கட்டும். பார்த்தால் போதும் என்பவர்களுக்குக் கொழும்பு அருங்காட்சியகமும், பழைய ராணிமாளிகையில் இருக்கும் கண்டி அருங்காட்சியகமும் திறந்தே இருக்கின்றன. கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்க வெட்கப்படாதீர்கள்.

இப்போது நான் தேடிக்கொண்டிருப்பது ஒரு கொண்டகூர. காம்பு வெள்ளி, உச்சியில் கம்பிச்சுருள் மேல் நடுங்கும் பூ, பூவின் நடுவே பவளம். தலையை அசைத்தால் பூ தனியாக ஆடவேண்டும். மாத்தறைப் பக்கம் ஒரு வீட்டில் இருக்கிறது என்று முதலாளி சொல்லியிருக்கிறார், அந்த வீட்டு அம்மாவுக்கு விற்க மனமில்லையாம். விற்கவேண்டாம், பார்க்க மட்டும் வரட்டுமா என்று சொல்லியனுப்பியிருக்கிறேன். எசல பெரஹரா சமயத்தில் கண்டிக்கு வருகிறவர்கள் ஒரு காரியம் செய்யலாம். ராத்திரி ஊர்வலத்தில் வெஸ் நடனக்காரர்களின் தலையணியில் அசையும் வெள்ளி இலைகளைப் பார்த்துவிட்டு, மறுநாள் காலை கடைத்தெருவுக்கு வாருங்கள். மத்தியானத்துக்கு மேல் வீதியெல்லாம் கூட்டம் இடம்பிடித்து உட்கார்ந்துவிடும், உள்ளே நுழைய முடியாது. பழைய வெள்ளிக்கடைகள் காலையிலேயே திறந்துவிடும். உருப்பெருக்கிக் கண்ணாடியை மறக்காமல் எடுத்து வாருங்கள், என்னுடையதை நான் இரவல் தரமாட்டேன்.